கல்லூரித் தடகளப் பயிற்சியாளரைத் தேர்வு செய்வது எப்படி? சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விவாதம்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு சேரும் மாணவிக்கு நானூறு மீட்டர் ஓட்டம் நன்றாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய ஓட்டத்தைப் பார்த்துக் குறை திருத்துவதும், வாரத்துக்கு வாரம் பயிற்சிச் சுமையைக் கூட்டிக் குறைப்பதும், தொடைத் தசையில் வலி என்றால் நிறுத்திவைப்பதும் அந்தக் கல்லூரியில் யாருடைய வேலை? பணியமைப்பின்படி உடற்கல்வி இயக்குநருடைய வேலை. மாணவர்கள் சொல்வதுபோல் ‘பி.டி. சார்’ பொறுப்பு. கபடி, கைப்பந்து, கிரிக்கெட், சதுரங்கம் எல்லாவற்றுக்கும் அணி தேர்வு செய்பவரும் அவர்தான். விளையாட்டு விழா நடத்துவதும், பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு விண்ணப்பம் அனுப்புவதும், வகுப்பு நேரத்தில் வளாகத்தைக் கண்காணிப்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தடகளத்துக்கென்றே தலைமைப் பயிற்சியாளர் உண்டு. அவருக்குக் கீழே விரைவோட்டம், தாண்டுதல், எறிதல் என்று துணைப் பயிற்சியாளர்களும் உண்டு. நம் கலைக் கல்லூரிகளின் வழக்கமான பணியமைப்பில் அப்படியொரு பதவிக்கு இடமே கிடையாது. அந்தப் பதவியை உருவாக்க வேண்டும் என்பதும், இன்றைய நியமன விதிகளைக் கொண்டு அதை நிரப்பக் கூடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விதிகளை முதலில் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு உடற்கல்வி அல்லது விளையாட்டு அறிவியலில் 55 விழுக்காட்டு மதிப்பெண்களுடன் முதுநிலைப் பட்டம் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளிலோ, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளிலோ, மாநில, தேசியப் போட்டிகளிலோ ஆடிய சான்று வேண்டும். உடல்தகுதித் தேர்வும் உண்டு: முப்பது வயது வரையுள்ள ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டரும், பெண் 8 நிமிடத்தில் 1000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். விண்ணப்பதாரர் என்ன படித்தார், எங்கே விளையாடினார், இன்று எவ்வளவு ஓடுவார் என்பதையெல்லாம் இந்த விதி விசாரிக்கிறது. அவரிடம் பயின்ற ஒரு மாணவராவது முன்னேறினாரா என்று அது ஓரிடத்திலும் கேட்பதில்லை. நிர்வாகப் பதவிக்கு இந்த அளவுகோல் போதும். பயிற்சியாளர் பதவிக்கு இதையே வைத்தால் பொருந்தாது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். எல்லா மாணவருக்கும் உடற்பயிற்சி, எல்லாக் கல்விக்கூடத்திலும் மைதானம் என்பது அங்கிருந்து பரவிய மரபு. உயர்ந்த மரபு அது. தென் மாவட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகள்வரை விசில் சத்தம் கேட்டதற்கு அதுவே காரணம். ஒரே விளையாட்டில் ஆழ்ந்து பயிற்றுவிக்கும் கலைக்கு 1961இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் வேறொரு மரபை உண்டாக்கியது. தமிழ்நாட்டில் கல்லூரிகள் முதல் மரபிலேயே நின்றன. 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இரண்டாவது மரபில் வந்த பயிற்சியாளர்களை மாவட்ட விளையாட்டரங்குகளில் அமர்த்தியது. மாணவி படிப்பது ஓரிடம், பயிற்சியாளர் இருப்பது வேறிடம் என்றாயிற்று. சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். காலை ஆறு மணிப் பயிற்சிக்குப் பேருந்தில் போய்விட்டு ஒன்பதரை மணி வகுப்புக்குத் திரும்ப யாராலும் இயலாது.

இந்த இடைவெளியைத் தாண்டி வந்தவர்களில் தமிழ்நாடு நன்கறிந்த ஒருவர் ரேவதி வீரமணி. மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த அவர் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலுடன் ஓடிய அவரைக் கவனித்தவர் விளையாட்டு மேம்பாட்டு ஆணையப் பயிற்சியாளர் கண்ணன். முதலில் தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். டோக் பெருமாட்டி கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். 2019இல் பாட்டியாலா தேசிய முகாமுக்குத் தேர்வாகும் வரை ரேவதி அவரிடம்தான் பயின்றார். நூறு, இருநூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவரை நானூறுக்கு மாறச் சொன்னவர் முகாமின் பயிற்சியாளர் கலினா புக்காரினா. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார்.

இந்தக் கதையை மனவுறுதிக்குச் சான்றாகவே நம் பத்திரிகைகள் சொல்லிவந்தன. ஆய்வாளர் இதை அமைப்பின் கதையாகவும் வாசிக்க வேண்டும். கல்லூரி இடம் தந்தது, விடுதி தந்தது. பயிற்சியாளர் வெளியிலிருந்து வந்தார். இரண்டையும் இணைத்தது கண்ணன் என்ற தனிமனிதரின் அக்கறை. மதுரையில் கல்லூரியும் விளையாட்டரங்கமும் ஒரே நகரில் இருந்ததால் அந்த இணைப்பு நிலைத்தது. அதே பெண் மேலநீலிதநல்லூரிலோ சுரண்டையிலோ படித்திருந்தால், கண்ணனைப் போன்ற ஒருவர் பார்த்திருந்தாலும், அவரிடம் தினமும் போய்ப் பயில வழியில்லை. தற்செயலாக நடந்ததை ஏற்பாடாக மாற்றுவதற்கே தனிப் பதவி கேட்கிறோம்.

அந்தப் பதவிக்கு யாரைத் தேடுவது? பட்டத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கென்யாவின் இட்டேனில் உள்ள புனித பேட்ரிக் பள்ளிக்கு 1976இல் புவியியல் ஆசிரியராக வந்தவர் அயர்லாந்துத் துறவி கோல்ம் ஓ’கானல். தடகளத்தில் அவருக்கு முன்பயிற்சி கிடையாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1:40.91இல் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவருடைய மாணவர். கேரளத்தின் ஓ.எம். நம்பியாரோ விமானப் படையில் பணியாற்றி, பாட்டியாலாவில் முறையாகப் பயின்று வந்தவர். 1976இல் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்த பி.டி. உஷாவை வளர்த்தெடுத்து 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ்வரை கொண்டுசென்றார். அங்கே நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் உஷாவுக்குப் பதக்கம் போனது. ஒருவர் பட்டயம் பெற்றவர், மற்றவர் பெறாதவர். இருவருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: ஒரே இடத்தில் பல்லாண்டு தங்கினார்கள், பதின்பருவத்தில் வந்த மாணவரை உடனே கசக்கிப் பிழியாமல் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார்கள். பாட்டியாலாப் பட்டயம் அடிப்படைத் தகுதியாக இருக்கட்டும், அது தேவைதான். தேர்வுக் குழு உண்மையில் தேட வேண்டியவை இந்த இரண்டு குணங்களே.

வட்டாரத்தை அறிந்திருப்பதும் தகுதியில் சேரும். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல், மழையில் காலைக் கவ்வும். கோடையில் வெடித்துக் கணுக்காலை மடக்கும். அங்கே ஓடுபாதை போட வேண்டுமானால் செம்மண்ணோ சரளையோ கொட்டி இறுக்க வேண்டும் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். விசைத்தறி வீடுகளின் பிள்ளைகள் மாலையில் தறியில் நிற்க வேண்டியிருக்கும். பயிற்சி அட்டவணை அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது காவலர் தேர்வு. தென் மாவட்டங்களில் விடியற்காலையில் ஓடும் இளைஞர்களில் மிகப் பலர் சீருடைப் பணிக்காகவே ஓடுகிறார்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் முடித்தால் அந்தக் கட்டத்தில் தேர்ச்சி. அந்தக் கூட்டத்தில் முறையான பயிற்சியே இல்லாமல் நாலரை நிமிடத்தில் முடிக்கும் பையன் ஒருவன் இருந்தால், அந்தக் கட்டத்தில் அவனும் தேறியவன், ஆறே முக்கால் நிமிடத்தில் முடித்தவனும் தேறியவன். அவன் யார் என்று அடையாளம் காண ஸ்டாப்வாட்சுடன் அங்கே ஒருவர் நிற்க வேண்டும். காவலர் தேர்வுக்கு ஓடுபவர்களைத் தடகளத்துக்குப் புறம்பானவர்களாக ஒதுக்குபவர் இந்தப் பதவிக்கு ஏற்றவர் இல்லை. இந்த வட்டாரத்தின் தடகள அடித்தளமே அவர்கள்தான்.

தேர்வு முறையும் மாற வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு, இருபது நிமிட நேர்காணல் என்று முடிப்பதற்குப் பதிலாக, விண்ணப்பதாரரை மைதானத்தில் முன்பின் அறியாத பத்து மாணவர்களுடன் இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். யாரிடம் என்ன குறை கண்டார், அதை எப்படிச் சொன்னார், களைத்தவரை எப்போது நிறுத்தினார் என்பதில் பயிற்சியாளர் வெளிப்பட்டுவிடுவார். பழைய மாணவர்களின் நேரக் குறிப்புகளையும் கேட்க வேண்டும். ஏற்கெனவே 12 நொடிக்குள் நூறு மீட்டர் ஓடிய பெண்ணைச் சேர்த்துக்கொண்டு பதக்கம் வாங்கியவரைவிட, 14 நொடியில் வந்த நான்கு பெண்களைப் 13க்குக் கீழே கொண்டுவந்தவர் மேலானவர். எத்தனை பேர் முதலாண்டில் சேர்ந்தார்கள், மூன்றாமாண்டிலும் எத்தனை பேர் ஓடினார்கள் என்ற கணக்கு பதக்கப் பட்டியலைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

இடையில் விட்டுப் போனவர்களிடமும் பேச வேண்டும். இது மிகக் கட்டாயம். 2021இல் சென்னையில் புகழ்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் வீராங்கனைகள் கொடுத்த பாலியல் புகாரின்பேரில் கைதானார். பதக்கங்கள் இருந்ததே பல ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்காமல் இருந்ததற்குத் துணைபோயிற்று என்றே நான் கருதுகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் உள்ளகப் புகார்க் குழுவின் வரம்புக்குள் மைதானமும் பயிற்சிப் பயணங்களும் வருகின்றன என்பதை நியமன ஆணையிலேயே எழுத வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் ஆணாயின், பெண் துணைப் பயிற்சியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஊக்கமருந்து பற்றிய பொறுப்பும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும். ஊரில் விற்கும் புரதப் பொடியை, அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டறியாமல் மாணவர் வாங்கி விழுங்குவது இன்று சாதாரணம்.

ஒரு கல்லூரி ஒரே விளையாட்டுக்காகத் தனிச் சம்பளம் தர முடியுமா என்ற மறுப்பு நியாயமானது. முடியாது. ஆகவே பதவி கல்லூரிக்குரியதாக இல்லாமல் வட்டாரத்துக்குரியதாக இருக்கட்டும். சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர், சுரண்டை போன்ற ஊர்களின் கல்லூரிகளுக்குப் பொதுவாக மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஒருவரை நியமிக்கலாம். உடற்கல்வி இயக்குநர்கள் அவரோடு சேர்ந்து பணியாற்றலாம். ‘எங்கள் அதிகாரம் குறையும்’ என்ற அச்சம் சிலருக்கு எழும். ஆள் தேர்வும் பயிற்சியும் அவர் பொறுப்பு, நிர்வாகம் இவர்கள் பொறுப்பு என்று எல்லை வகுத்தால் அது தீரும். தூத்துக்குடி மாவட்டம் முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023இல் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தபோது, அவர் பயின்றுகொண்டிருந்தது கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியில், கியூபப் பயிற்சியாளர் ஒருவரிடம். அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் வெளியே போகத்தான் வேண்டும். போகுமளவுக்கு வளர்வது சொந்த ஊரில் நடக்க வேண்டும்.

ஓராண்டு ஒப்பந்தத்தில் இதைச் செய்ய இயலாது. இளநிலைப் படிப்பே மூன்றாண்டு. ஒரு குழு சேர்ந்து வெளியேறும் முன் பயிற்சியாளர் மாறிவிட்டால் யாருடைய வேலையையும் மதிப்பிட முடியாது. குறைந்தது ஐந்தாண்டு நியமனம், மூன்றாமாண்டு இறுதியில் நேரக் குறிப்புகளின் அடிப்படையில் மதிப்பீடு என்ற நிபந்தனையோடு, பல்கலைக்கழக ஆட்சிக்குழு முதல் பதவியைச் சங்கரன்கோவிலிலேயே தொடங்க வேண்டும்.