பழைய படத்தில் ஊரைத் தேடுதல்: டுபாய்க் கழியும் மயிலிட்டியும்

1822இல் பம்பாய்க் கடற்படை அதிகாரி லெப்டினன்ட் கோகன் டுபாய்க் கழியை அளந்து படம் வரைந்தார். அதில் ஊரின் பெயர் 'டெபாய்'. 2014இல் தொடங்கிய கட்டார் டிஜிட்டல் நூலகத்தில் அதை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பழைய படத்தை இன்றைய செய்மதிப் படத்தின்மேல் பொருத்திப் பழக, வளைகுடாவில் வாழும் எமக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. ஊர்க் காணியைத் தேடும்போதும் முறை இதேதான்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தைத் திறந்து, இரண்டு படங்களிலும் உள்ள ஒரே இடங்களைக் குறிக்க வேண்டும். மென்பொருள் படத்தைச் சுழற்றி, நீட்டிப் பொருத்தும். மூன்று புள்ளிகள் போதும் என்பார்கள். ஆறேழு வைத்தால்தான் பிழை தெரியும்.

நகராத இடமாகப் பார்த்துப் புள்ளி வைப்பதுதான் சிரமம். டுபாயில் கரையை நம்பக்கூடாது. 1961 அளவில் கழியை ஆழமாக்கித் தோண்டிய மண் கரையை நிரப்பியது. 2001இன் பின் கடலுக்குள்ளேயே பனைமரத் தீவு எழுந்தது. அல் ஃபஹீதி கோட்டை மாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மயிலிட்டியில் நிலைமை மறுபக்கம். கடற்கரை அங்கேயே கிடக்கிறது, வீடுகளும் வேலிகளும் இல்லை. 27 வருடங்களின் பின் 2017இல் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது, தம் ஒழுங்கையே எதுவென்று தெரியாமல் நின்றவர்கள் பலர். அங்கே காங்கேசன்துறை ரயில்பாதை, கலங்கரை விளக்கம், பழைய வீதிச் சந்திகள் ஆகியவற்றையே புள்ளிகளாகக் கொள்ளலாம். படத்தின் ஓரத்தில் அச்சிட்ட அகலாங்கு நெட்டாங்கை அப்படியே பதிந்தால் எல்லாம் சில நூறு மீட்டர் ஒரே பக்கமாகத் தள்ளிப்போகும். பழைய இலங்கைப் படங்கள் கந்தவல என்ற அடிப்படையிலும், வளைகுடாப் படங்கள் பல ஈராக்கின் நஹ்ர்வான் அடிப்படையிலும் அளக்கப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் கணக்கு வேறு.

அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. ஓரங்குலப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஒரு பரப்புக் காணியின் பக்கம் சுமார் 16 மீட்டர். படத்தில் அது கால் மில்லிமீட்டர், பென்சில் கோட்டுக்குள் மறைந்துவிடும். ஆகவே ஒழுங்கையையும் கோயிலையும் இதில் காணலாம், வேலித் தகராறைத் தீர்க்க முடியாது. அதற்கு உறுதியோடு உள்ள நில அளவைப் படமும் அனுமதி பெற்ற அளவையாளரும் வேண்டும். அந்த அளவைப் படத்தையும் இதே முறையில் பொருத்தலாம். அயற்காணிக் கிணறுகள் எஞ்சியிருந்தால் அவையே நல்ல புள்ளிகள். எந்தக் கிணறு யாருடையது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் தொலைபேசியில் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.