படத்துக்கு ஒரு வரப்பு

வீட்டிலுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளை விளிம்பு இருக்கிறதல்லவா? அதை எவரும் வரையவில்லை. இருட்டறையில் உலோகப் பட்டைகள் தாளின் ஓரங்களை மறைத்திருந்தன. ஒளி படாத அங்கிருந்த வெள்ளி உப்பை ஹைப்போ கரைத்துவிட, தாளின் வெண்மையே மிஞ்சியது. ஹைப்போவின் இப்பண்பை ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டறிந்தார்.

1858-இல் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்களை ஒட்டிய அட்டையே விளிம்பாயிற்று.

கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. 1957-இல் ரஸ்ஸல் கிர்ஷ் குழுவினர் ஒரு படத்தை 176×176 புள்ளிகளாகக் கணிப்பொறியில் ஏற்றினர். 1990-இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தது.

1800×1200 புள்ளிகள் கொண்ட படத்துக்கு வெளியே, நாற்புறமும் 60 புள்ளிகள் கூட்டினால் 1920×1320 ஆகும். புதிய கட்டங்களில் 255 என்னும் எண்ணை நிரப்பினால் வெள்ளை விளிம்பு கிடைக்கும், படம் குறையாது. அதே விளிம்பைப் படத்தின் மேலேயே வரைந்தாலோ, நூற்றுக்கு 16 பங்கு படம் மறைந்துவிடும்.

பொள்ளாச்சியில் என் மாணவர் ஒருவர் விளிம்பிட்டு வாங்கி வந்த குடும்பப் படத்தில், ஓரமாக நின்ற அவருடைய அம்மாயிக்குப் பாதி முகந்தான் இருந்தது. நல்லவேளை, மூலப்படம் பத்திரமாக இருந்தது.

வயலைத் தின்றா வரப்புப் போடுவோம்? நீங்களும் முதலில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்பைப் படத்துக்கு வெளியே சேருங்கள்.