மல்லர்களின் வாழ்க்கையை யார் எழுதினார்கள், யார் வாசித்தார்கள்? மைசூரு ஜெட்டிகளை முன்வைத்து

விஜயதசமி நாளின் காலையில் மைசூரு அரண்மனையின் சவாரித் தொட்டி முற்றத்தில் செம்மண் பரப்பிய ஒரு களம் தயாராகிறது. தலையை மழித்த ஜெட்டிகள் இணை இணையாக அதில் இறங்குகின்றனர். ஒவ்வொருவரின் வலக்கை விரல்களிலும் கூர்முனைகள் கொண்ட ஒரு முட்டிக்காப்பு இருக்கிறது. வஜ்ரமுஷ்டி காளகம் என்று பெயர்பெற்ற இந்தப் போர், ஒருவரின் தலையில் முதல் துளி இரத்தம் தென்பட்டதும் நிறுத்தப்படுகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அதன் பின்னரே ஜம்பூ சவாரிக்கான சடங்குகள் தொடர்கின்றன. மறுநாள் நாளேடுகளில் இரத்தம் வழியும் ஒரு நெற்றியின் படம் வெளியாகிறது. அந்த நெற்றிக்கு உரியவரின் வாழ்க்கை, பயிற்சி, பிழைப்பு ஆகியவை அப்படத்துக்குக் கீழே பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மல்லர்களின் வாழ்க்கை எழுத்து என்ற துறை உலக அளவில் இன்று சிறியதன்று. 1999இல் அமெரிக்கத் தொழில்முறை மல்லர் மிக் ஃபோலே தம் தன்வரலாற்றைப் பிறர் துணையின்றிக் கையாலேயே எழுதி வெளியிட்டார். அது நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதனைத் தொடர்ந்து மல்லர்களின் தன்வரலாறுகள் வரிசையாக வெளிவரலாயின. இந்நூல்களின் வாசகர்கள் முதலில் கேட்ட கேள்வி நடையைப் பற்றியதன்று. இதில் எது உண்மை என்பதே. அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஆட்டத்தை மெய்யான போட்டியாகவே காட்டிக்கொள்ளும் தொழில்மரபு கேஃபேப் எனப்படுகிறது. மார்கஸ் கிரிஃபின் என்ற இதழாளர் 1937லேயே இம்மரபை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன், தாங்கள் நடத்துவது கேளிக்கையே என்று அந்நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். அதுவரை களத்துக்கு வெளியிலும் வேடத்தைக் கலைக்காதவர்கள் அதன்பின் எழுத்தில் வேடத்தைக் கலைக்கத் தொடங்கினர். வாசகர் விலைகொடுத்து வாங்கியது அந்தக் கலைப்பைத்தான்.

இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. 1957இல் நூலாக வெளிவந்த ‘தொன்மங்கள்’ தொகுப்பின் கட்டுரை ஒன்றில் ரோலான் பார்த், மற்போரைக் காண வருபவர்கள் அது மெய்யா பொய்யா என்று கவலைப்படுவதில்லை என்று வாதிட்டார். அவர்கள் காண விரும்புவது வலி, தோல்வி, நீதி ஆகியவற்றின் தெளிவான உருவங்களை என்பது அவர் கருத்து. பார்வையாளரைப் பற்றி அது சரியாக இருக்கலாம். அதே மனிதர் கையில் ஒரு தன்வரலாற்றை எடுத்தவுடன் வேறொருவராகிறார். சான்று கேட்கிறார், முரண்களைக் கணக்கிடுகிறார், சாட்சியை எடைபோடுகிறார். களத்தில் அவர் பார்வையாளர். பக்கத்தில் அவர் நீதிபதி.

இந்தியாவிலும் இதைக் காணலாம். தாரா சிங்கின் தன்வரலாறு 1989இல் பஞ்சாபியில் வெளிவந்தது. ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாட்சி மாலிக்கின் தன்வரலாறு 2024 அக்டோபரில் வந்தது. இவர் தொழில்முறைக் கேளிக்கை மல்லர் அல்லர். ஆயினும் அந்நூல் வாசிக்கப்பட்ட முறை இங்குப் பொருந்துகிறது. குழந்தைப் பருவம், பயிற்சி, உடல், வலி ஆகியவை பற்றிய பக்கங்களைத் தாண்டி, 2023ஆம் ஆண்டுப் போராட்டத்தையும் சக போராட்டக்காரர்களையும் பற்றிய சில பத்திகளே உடனடியாக விவாதத்துக்கு வந்தன. அவற்றில் குறிப்பிடப்பட்ட விநேஷ் போகாட் பொதுவெளியிலேயே மாற்றுக் கருத்தைத் தெரிவித்தார். ஒரு வாழ்க்கை வரலாறு சில நாட்களில் ஒரு சாட்சி வாக்குமூலமாகச் சுருங்கியது. மல்லர் எழுதினாலும் எதை வாசிப்பது என்பதை வாசகரே முடிவு செய்கிறார்.

மைசூரு ஜெட்டிகளின் நிலை இதற்கும் முந்தையது. அவர்களைப் பற்றிப் பரவலாக வாசிக்கப்பட்ட பிரதிகளை எழுதியவர்கள் பிறர். இது தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாடலில் பாடுகிறார். களத்தில் கால்கள் எவ்வாறு பிணைந்தன என்பதுவரை கண்டு சொல்லும் அந்தப் பாடலின் உணர்ச்சி முழுவதும் வென்றவனையும், அவ்வெற்றியைக் காண வேண்டிய அவன் தந்தை தித்தனையும் சார்ந்தது. தோற்றவன் ஊர்ப்பெயரால் மட்டுமே அறியப்படுகிறான். ஏறத்தாழ 1520ஐ ஒட்டி விஜயநகரத்தின் மகாநவமி விழாவைக் கண்ட போர்த்துகீசியர் தொமிங்கோ பாயஸ், அங்கு நடந்த மற்போர் தம் நாட்டு வழக்கத்தைப் போன்றதன்று என்றும், பல் உடையவும் முகம் சிதையவும் குத்து விழுந்தது என்றும் குறித்தார். இங்கும் மல்லர்களுக்குப் பெயரில்லை. அந்த மகாநவமி மரபையே 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடர்ந்தார். இன்றைய மைசூரு தசராவின் கால்வழி அங்கிருந்து வருகிறது.

ஜெட்டிகளைப் பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட சித்திரம் ஒரு கைதி எழுதியது. ஜேம்ஸ் ஸ்கர்ரி என்ற ஆங்கிலச் சிறுவன் பயணம் செய்த கப்பல் பிரெஞ்சுக் கடற்படையிடம் பிடிபட்டது. 1782இல் தளபதி சுஃப்ரென் அக்கைதிகளை ஹைதர் அலியிடம் ஒப்படைத்தார். ஸ்கர்ரி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வளர்ந்து, திப்பு சுல்தான் காலத்தில் தப்பினார். அவருடைய நினைவுக்குறிப்பில் ஜெட்டிகள் அரசவைக் கேளிக்கையில் மழித்த தலையுடனும் விரல்களில் எஃகு நகங்களுடனும் மோதுகின்றனர். இப்பதிவின் மொழிநிலை தனிக் கவனத்துக்குரியது. தப்பி வந்தபோது ஸ்கர்ரிக்கு நாற்காலியில் அமர்வதும் கத்தி, முள்கரண்டி பிடிப்பதும் பழக்கம் விட்டுப்போயிருந்தன. அவருடைய ஆங்கிலம் உடைந்து, தாய்மொழிக்குரிய மரபுத்தொடர்களை இழந்திருந்தது. கன்னட நாட்டில் கண்ட ஒன்றை, மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த ஒரு தாய்மொழியில் அவர் விவரித்தார். அந்நூல் வெளிவந்தது 1824இல். திப்பு மறைந்து 25 ஆண்டுகள் கடந்திருந்தன; ஸ்கர்ரியும் 1822இல் இறந்துவிட்டார். கேள்வி கேட்டுத் தெளிய ஆசிரியரும் இல்லை. மறுப்புச் சொல்ல எதிர்த்தரப்பும் இல்லை.

மைசூரில் சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷாரின் கதைகள் தம் நாட்டில் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்பதை லிண்டா கோலி 2002இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். பேரரசின் வலிமையைவிட அதன் அச்சத்தையே அக்கதைகள் சுமந்தன. அந்த அச்சத்துக்கு உருவம் தர ஜெட்டி பொருத்தமானவராக இருந்தார். 1799 முற்றுகையின்போது பிடிபட்ட பிரிட்டிஷ் வீரர்களை ஜெட்டிகள் கொன்றனர் என்ற செய்தியும் இச்சித்திரத்துடன் சேர்ந்தது. அரசன் ஆணையிட்டால் கொலைத்தண்டனையை நிறைவேற்றுபவர்கள் என்ற நிலை அவர்களுக்கு இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தண்டனை வழங்கிய அரசின் பண்பு, அதை நிறைவேற்றியவர்களின் பிறவிப் பண்பாக மாறியது கவனிக்கத்தக்கது.

அந்த மாற்றம் நிகழ்ந்த இடத்தைத் துல்லியமாகச் சுட்ட முடியும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ இரண்டாம் தொகுதியில் ஜெட்டி என்ற பதிவு உள்ளது. அது இச்சமூகத்தைத் தொழில்முறை மல்லர்களான தெலுங்குச் சாதியினர் என்று அறிமுகப்படுத்துகிறது. தஞ்சாவூரில் தமிழர் சூழலில் வாழ்ந்தும் அவர்கள் தெலுங்கு பேசுவதையும், பூணூல் அணிவதையும், நரம்பு வலிக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் தொழில் செய்வதையும் குறிக்கிறது. பின்னர் ஸ்கர்ரியின் பகுதியை எடுத்தாள்கிறது. இனவரைவியல் பதிவாகத் தோன்றும் அதன் ஒரு பகுதி, உண்மையில் ஒரு சிறைக்குறிப்பை வாசித்த ஒருவரின் எதிர்வினை. கைதியின் நினைவு அங்கே சாதி விளக்கமாகிறது. ஒருமுறை கண்டது எப்போதும் உள்ளதாகிறது. ஆய்வேடுகளில் தர்ஸ்டனை மேற்கோள் காட்டுவோர், ஒரே சாட்சியத்தை இருவேறு சான்றுகளாக எண்ணிவிடும் இடர் இங்கேதான் உள்ளது.

சித்திரம் அங்கும் நிற்கவில்லை. 1997இல் பெர்னார்ட் கார்ன்வெல் எழுதிய, ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையைக் களமாகக் கொண்ட புதினத்தில் ஜெட்டிகள் வெறுங்கையால் மனிதரைக் கொல்லும் அரசவைக் கொலையாளர்களாக வருகின்றனர். ஜெட்டி என்ற சொல்லை உலகின் பல வாசகர்கள் முதன்முதலில் அறிந்தது இந்தப் புதினத்தின் வழியாக இருக்கும். கைதி, ஆவணப்படுத்துநர், புதினாசிரியர் என்று கைமாறிய இந்தச் சங்கிலியில், வலிக்கு எண்ணெய் தேய்த்த கை மெல்ல உதிர்ந்து, கழுத்தைத் திருகிய கை மட்டும் எஞ்சியது.

ஜெட்டிகள் தம்மைப் பற்றித் தாம் சொல்லிக்கொண்டதற்கு மிக அருகில் வரும் பிரதி மல்லபுராணம். பி. ஜே. சாண்டேசராவும் ஆர். என். மேத்தாவும் பதிப்பித்த இச்சமஸ்கிருத நூல் 1964இல் பரோடாவின் கெய்க்வாட் கீழ்த்திசை நூல்வரிசையில் வெளிவந்தது. குஜராத்தின் மொடேராவைச் சேர்ந்த ஜ்யேஷ்டிமல்லர் என்ற பிராமண மல்லர்களின் குலபுராணம் அது. கிருஷ்ணனிடமிருந்து மல்லவித்தையைப் பெற்றதாகச் சொல்லும் அந்நூலின் குலதெய்வம் நிம்பஜா. மைசூரு ஜெட்டிகளும் தம் பூர்வீகத்தைக் குஜராத்துடனேயே இணைக்கின்றனர். ‘மூத்தவர்’, ‘சிறந்தவர்’ என்று பொருள்படும் ஜ்யேஷ்ட என்னும் சொல்லிலிருந்தே ஜெட்டி பிறந்தது. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரரின் மானசோல்லாசத்தில், மல்லவினோதப் பகுதி மல்லர்களை வகைப்படுத்தும்போது முதல்நிலையினரை ஜ்யேஷ்டிகர் என்கிறது. முதலில் தரத்தைக் குறித்த சொல் பின்னர் குலத்தைக் குறித்தது. ஸ்ரேஷ்டி என்பதிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் தமிழ்ச் ‘செட்டி’க்கும் இதற்கும் ஒலியொற்றுமை மட்டுமே உண்டு.

மல்லபுராணத்தில் அச்சத்தின் சாயல் இல்லை. உடல்வாகுக்கும் பருவத்துக்கும் ஏற்ற உணவு, பயிற்சி வகைகள், பிடிகள், ஓய்வு என்று அது ஒரு தொழிலின் ஒழுங்கைப் பேசுகிறது. தனிமனிதர் ஒருவரின் கதை இல்லாததால் அதைத் தன்வரலாறு என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் ஒரு கூட்டத்தின் தன்விளக்கமாக அதைக் கொள்ளலாம். அந்த விளக்கத்துக்குக் கிடைத்த வாசிப்பும் வேறு திசையில் சென்றது. நார்மன் ஷோமன் 1996இல் வெளியிட்ட ‘மைசூரு அரண்மனையின் யோக மரபு’ என்ற நூல், ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலையில் உருவான ஆசனப் பயிற்சிக்கு அரண்மனையின் உடற்பயிற்சி மரபும் மல்லர் மரபும் கடன் தந்திருக்க வேண்டும் என்று வாதிட்டது. மல்லபுராணம் அங்கே ஒரு சான்றாகிறது. தொன்மையான வேதமரபாக யோகத்தைக் கருதியவர்களுக்கு அந்த வாதம் உவப்பானதாக இல்லை. விவாதம் முழுவதும் யோகத்தின் வயதைப் பற்றியே நடந்தது. மல்லர்கள் இம்முறை கொலையாளர்களாக அன்றி மூதாதையர்களாக மதிக்கப்பட்டனர் என்பது உண்மை. எனினும் பிறிதொன்றின் வரலாற்றுக்கு அடிக்குறிப்பாகவே மதிக்கப்பட்டனர்.

இவ்வாறு பார்க்கையில் ஃபோலேயின் வாசகருக்கும் ஸ்கர்ரியின் வாசகருக்கும் இடையே உள்ள வேறுபாடு தெளிவாகிறது. முன்னவர் ‘இது உண்மையா’ என்று கேட்டார். கேட்பதற்கு ஆசிரியர் இருந்தார். மறுப்பதற்குச் சக மல்லர்கள் இருந்தனர், அவர்களும் எழுதினர். சாட்சி மாலிக்கின் நூலுக்கு மறுப்பு எழுந்ததும் அதே காரணத்தால்தான். மறுக்கப்படக்கூடிய நூலே தன்வரலாறாக முழுமை பெறுகிறது. ஸ்கர்ரியின் சித்திரத்தை வாசித்தவர்கள் அக்கேள்வியைக் கேட்கவில்லை. அச்சித்திரத்துக்கு உரியவர்களின் கையில் அது சென்று சேரும் வழியும் இருக்கவில்லை.

மைசூரில் மற்பயிற்சி நடைபெறும் இடத்துக்குக் கரடி மனை என்று பெயர். தமிழ் அகராதியில் கரடிக்கூடம் என்ற சொல் இன்றும் இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் அது அருகிவிட்டது. மைசூரில் சொல்லும் இடமும் இன்னும் வழக்கில் உள்ளன. அங்கே மண்ணைக் கொத்திப் பதப்படுத்தும் முறை, உஸ்தாதின் வரிசை, பிடிகளின் பெயர்கள், எவர் எவரிடம் கற்றார் என்ற விவரம் ஆகியவை வாய்மொழியாகவே கையளிக்கப்படுகின்றன. ஜெட்டிகளைப் பற்றி இனி எழுதுவோர் தர்ஸ்டனிலிருந்து தொடங்கினால் ஸ்கர்ரியிடம்தான் சென்று முடிவர். கரடி மனையின் கலைச்சொற்களிலிருந்து தொடங்கினால், விஜயதசமி காலையில் அந்த முற்றத்தில் இறங்கும் மனிதர்களின் பெயர்களையாவது முதலில் எழுத வேண்டியிருக்கும். எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் மறுப்பையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.