மிஸியோன் எலியோகிராஃபிக் (1851)

பிரெஞ்சு தேசத்துப் புராதன தேவாலயங்களையும் பிற கட்டடங்களையும் ஜீர்ணோத்தாரணம் செய்யுமுன் அவற்றின் நிலையை உள்ளபடி பதிவு செய்துகொள்ளும் பொருட்டு, அந்நாட்டுச் சரித்திரச் சின்னங்கள் ஆணைக்குழு 1851-இல் ஏற்படுத்திய புகைப்படப் பணி இது. பால்துஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால் ஆகிய ஐவரும் வெவ்வேறு மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டனர். பயார் கண்ணாடித் தகட்டை நாட, மற்றையோர் காகித நெகட்டிவையே கையாண்டனர். லெ கிரே கண்ட மெழுகூட்டிய காகிதம், பல நாள் முன்னதாகவே தயாரித்து வைக்கத்தக்கதாதலின், தூர யாத்திரைக்கு மிகவும் அனுகூலமாயிற்று.

ஆர்ல் நகரத்து சேன் திரோஃபீம் ஆலயத்தின் தூண் வரிசை சூழ்ந்த உள்முற்றத்தில், இருண்ட வளைகூரையையும் வெயில் படிந்த வெளியையும் ஒரே படத்தில் அடக்க இயலாமையால், பால்துஸ் பகுதி பகுதியாக எடுத்த சுமார் பத்து நெகட்டிவ்களை வெட்டி இணைத்து, இணைப்புகளைத் தூரிகையால் மறைத்து, ஒரே காட்சியாக்கினார். கைவேலை கலந்ததாயினும், கண் கண்ட உண்மைக்கு அது மாறானதன்று என்பதே நம் கருத்து.

இத்தகைய அரும்பொருள்களை அரசாங்கம் பிரசுரிக்காமல் பெட்டகத்தில் இட்டது பெருங்குறையே. 1914-இல் பீரங்கிக் குண்டுகளால் சிதைவுற்ற ரேம்ஸ் பேராலயத்தின் சிற்பங்களது முந்தைய வடிவை இன்று லெ செக்கின் படங்களில் காணலாம்.