வக்கீல்: சொல்லும் தரமும்

முகவர், பதிலாள் எனப் பொருள்படும் ‘வக்கீல்’ என்னும் அரபுச்சொல் பாரசீகம் வழியாக இந்திய மொழிகளிற் புகுந்தது. வங்காளத்தின் 1793ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கம்பெனி நீதிமன்றங்களில் வாதாடுவோரின் நியமனத்தையும் கட்டணத்தையும் வரையறுத்தது. சொல் கட்டுப்பாடுடைய தொழிற்பெயராயிற்று.

1879ஆம் ஆண்டுச் சட்டம் அட்வகேட், வக்கீல், அட்டர்னி, பிளீடர், முக்தியார் எனப் பல தரத்தினரைச் சுட்டியது. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் லண்டனில் பயின்ற பாரிஸ்டர் தொடக்கநிலை வழக்குகளில் வாதிடலாம். இந்தியச் சட்டப்பட்டம் பெற்ற வக்கீலுக்கு நெடுங்காலம் அவ்வுரிமை இல்லை.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் அனைவரையும் ஒரே வகுப்பாக்கியது. கல்கத்தா, பம்பாய் அட்டர்னி முறை 1976 வரை எஞ்சியது. எனவே பழைய ஆவணங்களில் இவர்கள் எல்லோரையும் ‘வழக்கறிஞர்’ என்றே பெயர்த்தால், உரிமை கோரிய வக்கீல்களின் விண்ணப்பம் எதைக் கேட்கிறது என்பதே வாசகருக்கு விளங்காது.