சுவருக்குள் ஒரு புகைபோக்கி



சிகாகோவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, நூறு வருடத்துக்கு மேலான இரண்டு மாடி மரவீட்டை விலை பேசியிருக்கிறாள். "பயமில்லையே டீச்சர்?" என்று கேட்டாள். இரண்டு நாள் படித்துப் பார்த்து அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முன்பு அமெரிக்காவில் கனத்த உத்திரங்களில் துளை போட்டு, அதற்கேற்ற முனை செதுக்கிப் பொருத்தித்தான் வீடு கட்டினார்கள். தேர்ந்த தச்சர் வேண்டும். தூக்கி நிறுத்தப் பல ஆட்கள் வேண்டும். 1830-களில் ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களும் இயந்திர ஆணிகளும் மலிவாகக் கிடைத்தன. சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணி அடித்தால் சுவர் தயார். 'பலூன் சட்டகம்' என்று பெயர். சிகாகோ அப்படித்தான் வேகமாக வளர்ந்தது. சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் வீடு கிடைத்தது.

ஆனால் ஒரு குறை. வெளிச்சுவர்ச் சட்டங்கள் அடியிலிருந்து கூரை வரை ஒரே நீளம். இடையில் உள்ள வெற்றிடம் புகைபோக்கி மாதிரி. கீழே பிடித்த தீ, கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள்ளேயே ஏறி மேல்மாடிக்குப் போய்விடும்.

பிறகு ஒரு மாடியின் தளத்தை முடித்து, அதன்மேல் அடுத்த மாடிச் சுவரை நிறுத்தும் முறை வந்தது. நீள மரம் தேவையில்லை. குறுக்கே வரும் கட்டையே தீயை மறிக்கும். இருபதாம் நூற்றாண்டில் அதுவே வழக்கமானது.

"வீடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன் அம்மா. சுவருக்குள் ஒவ்வொரு தளத்திலும் தடுப்புக் கட்டை இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பார். இல்லையென்றால் வைத்துவிட்டுக் குடி போ" என்றேன்.