அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கம்

அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கம்: அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் ஊராட்சி அமைப்புகளின் தெரு, பாலம், குடிநீர், கழிவுநீர், குப்பை, பனி அகற்றல் ஆகிய வேலைகளைப் பார்க்கும் பொறியாளர்களும் அலுவலர்களும் சேர்ந்துள்ள தொழில்முறைச் சங்கம். தலைமையகம் மிசூரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில் உள்ளது. உறுப்பினர் 30,000க்கு மேல். கிளைகள் 60க்கு மேல்.

'பொதுப்பணி' என்ற சொல்லைத் தமிழ் வாசகர் இங்கே சற்று மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும். பொதுப்பணித்துறை என்றால் நமக்கு அணை, மதகு, அரசுக் கட்டடம் ஆகியவையே நினைவுக்கு வரும். அமெரிக்காவில் பெரிய அணைகளை ராணுவப் பொறியாளர் படையும் கூட்டாட்சி அரசின் பிற அமைப்புகளும் கவனித்துக்கொள்கின்றன. ஊர்ப் பொதுப்பணி அலுவலகத்தின் பொறுப்பு வீட்டு வாசலில் தொடங்குகிறது. நம் நகராட்சிகளின் பொறியியல் பிரிவையும் சுகாதாரப் பிரிவின் துப்புரவு வேலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் ஏறக்குறைய அதுதான்.

சங்கம் தொடங்கிய ஆண்டு எது என்பதில் இருவகைக் கணக்கு உண்டு. இன்றைய பெயரில் அமைந்தது 1937இல். 2012இல் 75ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது இக்கணக்கின்படியே. 1937இல் இணைந்து இதை உருவாக்கிய இரு சங்கங்களில் மூத்தது பிறந்த 1894ஐத் தொடக்கமாகக் கொள்வோரும் உளர். இரண்டுக்கும் நியாயம் இருப்பதால் இக்கட்டுரை சங்க வரலாற்றை 1894இலிருந்தே தொடங்குகிறது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் வளர்ந்த வேகத்துக்குச் சாக்கடையும் குடிநீரும் ஈடுகொடுக்கவில்லை. 1878இல் மெம்பிஸ் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறத்தாழ 5,000 பேர் இறந்தனர். அதன் பிறகு 1880இல் அந்நகருக்குப் பொறியாளர் ஜார்ஜ் வாரிங் வகுத்த கழிவுநீர்த் திட்டம் பெரும் புகழும் பெரும் வாதமும் பெற்றது. வீட்டுக் கழிவுநீர் தனிக் குழாயில் போக வேண்டும், மழைநீரை அதில் சேர்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. குழாய்கள் குறுகியவை, அடிக்கடி அடைத்துக்கொண்டன. ஐரோப்பிய நகரங்களைப் பார்த்துவந்த பொறியாளர் ருடால்ஃப் ஹெரிங், பெரு நகரங்களுக்கு இரண்டையும் ஒன்றாகக் கொண்டுசெல்லும் பெரிய கால்வாயே பொருந்தும் என்று அறிக்கை தந்தார். இவ்வாதத்தில் வென்றவர் யார் என்பது எந்த நகரத்தை, எந்தப் பத்தாண்டை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுவது என்பது அப்போது நிறுவப்படவில்லை. சாக்கடை ஆவியே நோய்க்குக் காரணம் என்று நம்பித்தான் வாரிங் வேலை செய்தார்.

அவரே 1895இல் நியூயார்க் நகரத் தெருத் துப்புரவு ஆணையரானார். கட்சிக்காரர்கள் தமக்கு வேண்டியவர்களுக்கு வேலை தரும் இடமாக இருந்த துறை அது. தெருக் கூட்டுவோருக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார். குதிரைச் சாணமும் சேறும் அள்ளும் வேலைக்கு வெள்ளையா என்று சிரித்தவர்கள் பலர். 1896இல் அவர்களை அணிவகுக்கச் செய்து நகர வீதியில் நடத்திக் காட்டியபோது சிரிப்பு அடங்கியது. 1898இல் ஹவானாவின் சுகாதார நிலையைப் பார்க்கப் போய்த் திரும்பிய வாரிங், அதே மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். பிற்காலச் சங்க வரலாற்றில் இவருக்கு நேரடிப் பங்கு இல்லை. ஆயினும் தெருவைப் பராமரிப்பது நிர்வாகத் திறன் வேண்டும் தொழில் என்ற எண்ணத்தை ஊரறியச் செய்தவர்களில் இவரைச் சொல்லாமல் விட முடியாது.

முதல் சங்கம்

அமெரிக்க நகராட்சி மேம்பாட்டுச் சங்கம் 1894இல் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் தொடங்கியது. தார்ச் சாலைகள் மிகுதி என்று பெருமை பேசிய ஊர் அது. அந்நாளில் தெருப் பாவுவதற்குக் கருங்கல், செங்கல், மரக்கட்டை, டிரினிடாட் தீவின் தார் ஏரியிலிருந்து வந்த இயற்கைத் தார் எனப் பல பொருள்கள் போட்டியிட்டன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கம்பெனி, ஒவ்வொரு கம்பெனிக்கும் நகர மன்றத்தில் ஓர் ஆள். வாரன் சகோதரர்கள் நிறுவனம் தன் கலவைச் சாலைக்குக் காப்புரிமை எடுத்தபின் சிக்கல் இன்னும் முற்றியது: ஒருவரே போடக்கூடிய சாலைக்கு எப்படி டெண்டர் கோருவது?

தனித்தனி ஊரில் தனித்து நின்ற நகரப் பொறியாளருக்கு இதில் துணை வேண்டியிருந்தது. எந்தத் தார், எவ்வளவு கனம், கீழே என்ன அடித்தளம் என்பதற்குச் சங்கம் பொதுவான தரக்குறிப்புகளை வகுத்தது. 'இது என் விருப்பம் அல்ல, சங்கத்தின் தரம்' என்று மன்றத்தில் ஒரு பொறியாளர் சொல்ல முடிந்ததே சங்கத்தின் முதல் பயன். 1930இல் பெயர் அமெரிக்க நகராட்சிப் பொறியாளர் சங்கம் என்று மாறியது.

இரண்டாவது சங்கம்

1919இல் தெருத் துப்புரவு அலுவலர்களுக்கெனச் சர்வதேசச் சங்கம் ஒன்று அமைந்து, 1920களில் பொதுப்பணி அலுவலர் சங்கம் என்று பெயர் விரித்துக்கொண்டது. இதில் இருந்தோர் பெரும்பாலும் பட்டம் பெற்ற பொறியாளர்கள் அல்லர். வேலையாட்களையும் வண்டிகளையும் மேய்த்தவர்கள். குதிரை வண்டி போய் லாரி வந்த காலம். எத்தனை மைல் தெருக் கூட்ட எத்தனை ஆள், எத்தனை டாலர் என்ற கேள்வியே இவர்களுக்கு முதன்மை. இரு சங்கத்தாரும் ஒருவரை ஒருவர் சற்று ஏளனமாகவே பார்த்தனர் என்பர்.

இணைப்பு: 1930 முதல் 1939 வரை

சங்க வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான காலம் இது. காரணம், அதில் பங்கு கொண்டவர்கள் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

அவர்களில் முதல்வர் லூயிஸ் பிரவுன்லோ. முறையான பள்ளிப் படிப்பு இல்லாமல் பத்திரிகையாளராகி, 1915 முதல் 1920 வரை தலைநகர் வாஷிங்டனின் ஆணையராக இருந்தவர். பிறகு வெர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க், டென்னசியின் நாக்ஸ்வில் நகரங்களில் நகர மேலாளர். சிகாகோப் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் சார்லஸ் மெரியமின் துணையும், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ஸ்பெல்மன் நிதியின் பணமும் சேர, சிகாகோவில் பொது நிர்வாகத் தொடர்பு மையம் ஒன்றை அவர் நடத்தினார். உள்ளாட்சி சார்ந்த தொழில்முறைச் சங்கங்களையும் அலுவலர் சங்கங்களையும் ஓரிடத்தில் அமர்த்தினால், ஒரு ஊரில் கற்றது அடுத்த ஊருக்குத் தபால் செலவில் போய்ச்சேரும் என்பது அவர் கணக்கு.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1933இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அரசு பொதுப்பணி நிர்வாகத்துக்கு 330 கோடி டாலர் ஒதுக்கியது. ஹெரால்டு இக்கஸ் அதன் தலைவர். 1935இல் ஹாரி ஹாப்கின்ஸ் தலைமையில் மற்றொரு வேலைத்திட்ட நிர்வாகம் வந்தது. இக்கஸ் காசை எண்ணி எண்ணிக் கொடுத்தார். ஹாப்கின்ஸுக்கு வேலையில்லாதவன் கையில் மண்வெட்டி ஏறினால் போதும். இரண்டு பேரிடமும் பணம் வாங்க ஊர்கள் திட்ட வரைபடத்தோடும் கணக்கோடும் வர வேண்டியிருந்தது. வரைபடம் ஒரு சங்கத்தாரிடம், கணக்கு இன்னொரு சங்கத்தாரிடம் இருந்தது.

1935இல் இரு சங்கங்களும் சிகாகோவில் ஒரே செயலகத்தின் கீழ் வந்தன. அதன் இயக்குநர் டொனால்டு ஸ்டோன், வயது 32. தெருப் பராமரிப்புச் செலவைப் பதிவேட்டில் எழுதுவதற்கு ஒரே மாதிரியான முறை வகுத்ததில் அவருக்கு முன்பே பெயர் உண்டு. நாள்தோறும் எந்தத் தெருவில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம், எந்த லாரி, எவ்வளவு பெட்ரோல் என்று மேஸ்திரி எழுதும் சீட்டிலிருந்து தொடங்கி, ஆண்டு முடிவில் ஒரு கெஜம் தெருக் கூட்ட ஆன செலவில் வந்து முடியும் முறை அது. படிக்க அலுப்பூட்டுவதுதான். ஆனால் இரண்டு ஊர்களை ஒப்பிட வேறு வழி இருக்கவில்லை; மேஸ்திரியின் சீட்டை இவ்வளவு மதித்த நிர்வாக அறிஞர் அக்காலத்தில் அரிது.

முழு இணைப்பு 1937இல் நடந்தது. இணைந்த சங்கத்தில் பொறியாளர் பட்டம் உறுப்பினராவதற்குக் கட்டாயம் ஆகவில்லை. இதைப் பொறியாளர்களின் விட்டுக்கொடுப்பு என்று ஒரு சாரார் கொள்வர். பெயரிலிருந்தே 'பொறியாளர்' என்ற சொல் விடுபட்டதால் அது அலுவலர்களின் வெற்றி என்பர் மற்றொரு சாரார். எப்படியாயினும், அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் கழகத்திலிருந்து இச்சங்கத்தைப் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு முடிவே.

1938இல் சிகாகோவின் கிழக்கு 60ஆம் தெரு 1313ஆம் எண்ணில் புதுக் கட்டடம் எழுந்தது. எதிரே மிட்வே என்னும் நீண்ட புல்வெளி. 1893 உலகக் கண்காட்சியில் பொறியாளர் ஃபெரிஸ் அமைத்த முதல் ராட்சத ராட்டினம் சுழன்ற இடம் அது. நகர மேலாளர், நகராட்சி நிதி அலுவலர், நகரத் திட்ட அலுவலர், வீட்டுவசதி அலுவலர் எனப் பல சங்கங்கள் அங்கே அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. கதவிலக்கத்தையே பெயராக்கி 'பதின்மூன்று பதின்மூன்று' என்று அந்த வளாகத்தை அழைத்தனர்.

ஸ்டோன் 1939இல் கூட்டாட்சி அரசின் வரவுசெலவுப் பணியகத்துக்குப் போனார். பின்னர் மார்ஷல் திட்ட நிர்வாகத்திலும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புதிய கட்டுமானம் ஒடுங்கியது, சங்கமும் ஒடுங்கியிருந்தது.

1950களில் எதிர்பாராத ஒரு புகழ் வந்தது. சிகாகோக் கட்டடத்திலிருந்து ஒரு மறைவான கூட்டம் ஊர்களின் சுயாட்சியை விழுங்கப் பார்க்கிறது என்று வலதுசாரி எழுத்தாளர் ஜோ ஹிண்ட்மன் 1959இல் எழுதத் தொடங்கினார். 1963இல் அது ஒரு நூலாகவும் வந்தது. பல ஊர்களைச் சேர்த்துப் பெருநகர நிர்வாகம் அமைக்கும் யோசனையே அவருடைய அச்சத்தின் மூலம். தெருக் கூட்டும் செலவுக் கணக்கு எழுதியவர்களை உலகச் சதிகாரர்களாகக் காண்பது இன்று வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் ராக்ஃபெல்லர் பணமும் ஒரே முகவரியும் சந்தேகத்துக்குத் தீனி போட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

1958 முதல் 1989 வரை ராபர்ட் பூகர் சங்கத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தார். 1960இல் தேசியப் பொதுப்பணி வாரம் தொடங்கியது. இன்றும் மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நடக்கிறது. நாட்டின் சிறந்த பத்துப் பொதுப்பணித் தலைவர்களைத் தேர்ந்து பாராட்டும் வழக்கமும் அவ்வாண்டினதே. 1975இல் பொதுப்பணி வரலாற்றுக் கழகம் துணை அமைப்பாகப் பிறந்தது. அடுத்த ஆண்டு, நாடு விடுதலை பெற்ற 200ஆம் ஆண்டை ஒட்டி, எல்லிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் தலைமையில் அமெரிக்கப் பொதுப்பணி வரலாறு ஒரு பெருநூலாக வெளிவந்தது. பதிப்பாசிரியர்களில் ஒருவரான சுவெல்லன் ஹோய் பின்னர் அமெரிக்கரின் தூய்மைப் பழக்கம் பற்றித் தனி நூலே எழுதினார்.

தரையில் எழுதிய நிறங்கள்

அமெரிக்கத் தெருவில் நடப்போர் தரையில் வண்ணக் கோடுகளைப் பார்த்திருப்பர். புதைந்திருப்பது என்ன என்பதைத் தோண்டுபவருக்குச் சொல்லும் இக்குறிகளுக்கான பொது நிற முறை சங்கத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. சிவப்பு மின்கம்பி, மஞ்சள் எரிவாயுவும் எண்ணெயும், ஆரஞ்சு தொலைபேசியும் தொலைத்தொடர்பும், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீரும் வடிகாலும், ஊதா சுத்திகரித்து மீண்டும் பயன்படும் நீர், இளஞ்சிவப்பு நில அளவை, வெள்ளை தோண்டப்போகும் இடத்தின் எல்லை.

இம்முறையின் பிறப்பை 1976 ஜூன் 16ஆம் நாள் விபத்தோடு இணைத்துச் சொல்வது வழக்கம். கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் சாலை அகலப்படுத்தத் தோண்டிய எந்திரம் பெட்ரோல் குழாயை உடைத்ததில் ஒன்பது பேர் இறந்தனர். விபத்துக்கு முன்பே சில ஊர்களில் நிறக்குறி இருந்தது என்றும், விபத்து அதை விரைவுபடுத்தியது மட்டுமே என்றும் கொள்வது பாதுகாப்பானது. தோண்டுமுன் அழைக்க வேண்டிய 811 என்ற தேசிய எண் 2007 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

பனியும் பழுதும்

சங்கத்தின் மாநாடுகளில் பனி அகற்றலுக்கென்றே ஒன்று உண்டு. இதன் அரசியல் எடையைச் சிகாகோ நன்கறியும்: 1979 ஜனவரியில் கொட்டிய பனியை நகரம் அள்ளத் தவறியதால் மேயர் மைக்கேல் பிலான்டிக் அடுத்த மாதமே தம் கட்சியின் உட்தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார் என்பது பொதுவான கருத்து.

1981இல் பேட் சோட், சூசன் வால்ட்டர் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் நாட்டின் பாலங்களும் குழாய்களும் இற்றுப்போவதை எழுதியது பெரும் பேச்சானது. 1988இல் தேசிய ஆய்வுக் குழு ஒன்று பொதுப்பணிகளுக்கு மொத்தத்தில் 'சி' மதிப்பெண் கொடுத்தது. அப்படி மதிப்பெண் அட்டை வெளியிடும் வேலையை 1998 முதல் கட்டுமானப் பொறியாளர் கழகம் எடுத்துக்கொண்டது. நாளிதழ்களில் பெயர் வருவது அக்கழகத்துக்கே. பொதுப்பணிச் சங்கம் மேலாண்மை நடைமுறைக் கையேடு, அதையொட்டி ஊர் அலுவலகங்களுக்கு அங்கீகாரம் என்ற சத்தமில்லாத வழியில் சென்றது.

1986இல் கனடாவுக்குத் தனிக் கிளை அமைப்பு ஏற்பட்டது. தலைமையகம் பின்னர் சிகாகோவை விட்டுக் கான்சஸ் சிட்டிக்கு மாறியது.

அண்மைக் காலம்

2003இல் கூட்டாட்சி அரசின் பேரிடர் ஆயத்த உத்தரவு, முதலில் விரையும் பணியாளர் வரிசையில் காவல், தீயணைப்போடு பொதுப்பணியாளரையும் சேர்த்தது. சங்கம் நெடுநாள் கேட்டது இது. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் ஏறத்தாழ 55,000 கோடி டாலர் புது முதலீட்டுக்கு வழி செய்தது. முன் சொன்ன தரைக்குறிகளில் ஊதா நிறம் இப்போது மறுபயன்பாட்டு நீரோடு பாசன நீர்க் குழாயையும் குறிக்கிறது.